பிடிகயிறும் படகுக் கயிறும்

என் அக்காள் மகன் செல்வமும் அவன் கூட்டாளிகளும் நேற்று வேன் பிடித்துக் குடகுக்குப் போயிருக்கிறார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். டிரைவரைச் சேர்க்கவில்லை, அவர் ஆற்றில் இறங்கமாட்டார். பன்னிரண்டு பேரில் நீச்சல் தெரிந்தவர்கள் ஐந்து பேர். தெரியும் என்று சொல்லிக்கொள்பவர்கள் நான்கு பேர். தெரியாது என்று ஒப்புக்கொண்டவர்கள் மூன்று பேர். மஞ்சுவிரட்டுக்கு மாடு பிடித்துப் போகிறவர்கள் ஏழு பேர். இந்தக் கடைசி எண்ணிக்கையைத்தான் மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஏழு பேரில் செல்வமும் ஒருவன்.

அவர்கள் போயிருப்பது நான் வேலை பார்த்த இடத்துக்கு. மழைக்காலத்தில் மலையிலிருந்து பாறைகளுக்கு நடுவே இறங்கி ஓடும் ஒரு ஆற்றில், காற்றடைத்த ரப்பர் படகில் ஆட்களை உட்காரவைத்துக் கூட்டிப்போகிற முகாம் அது. கிளம்பும்போது செல்வம் வாசலில் வந்து நின்று, "ஒங்க மருமகன்னு சொன்னா அங்க தனி மரியாத கெடைக்குமா மாமா?" என்றான்.

"மரியாதைய விடுடா மாப்ள. தலைக்கவசத்து வாரை நல்லா இழுத்துப் போடு. தண்ணியில விழுந்தா எந்திரிச்சு நிக்கப் பாக்காத. மல்லாந்து படுத்து, காலை முன்னால நீட்டி..."

"வண்டிய எடுங்கப்பா, மாமா ஆரம்பிச்சுட்டாரு!"

வேன் போய்விட்டது. மலை ஏறியதும் போனில் சிக்னல் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் அக்காள் வந்தாள். "தம்பி, நீ இருந்த எடந்தானே, ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள். அவளுக்கு இருப்பது ஒரே மகன். "ஆகாதுக்கா" என்றேன். அவள் போனபிறகு தொலைக்காட்சியைப் போட்டேன். குடகில் மழை என்றார்கள். அணைத்துவிட்டேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பிஜு என்கிற வயநாட்டுக்காரர் என்னோடு படகோட்டியாக இருந்தவர், இப்போது அங்கே படகுகளுக்கெல்லாம் பொறுப்பாளர். போன வாரம் கூப்பிட்டார். "கணக்கண்ணே, கூட்டம் இருக்கற நாள்ல புல்வெளிப் பயிற்சி வேண்டாம்னு முதலாளி சொல்லிட்டாரு. அது பண்ற நேரத்துல இன்னொரு படகை எறக்கிடலாமாம். புதுப் பசங்களும் எதுக்கு இந்தக் கூத்துங்கறாங்க. அது எப்படி வந்துச்சுன்னு நீங்க எழுதிக் குடுங்க. நான் எல்லாரையும் உக்காரவச்சுப் படிச்சுக் காட்டுறேன்" என்றார். என் மருமகன் வருகிறான் என்றும், ஏழு பேர் மாடு பிடிக்கிறவர்கள் என்றும் அவரிடம் சொன்னேன். "ஐயோ" என்றார்.

"எழுதுறேன்னு உக்காந்துட்டு போனையே பாத்துக்கிட்டிருந்தா எழுத்து எப்படிங்க வரும்?" என்று என் மனைவி விசாலம் இப்போதுதான் கேட்டுவிட்டுப் போனாள். போனை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

பொன்னமராவதிக்காரனுக்கு மலையாற்றில் என்ன வேலை என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் ஓடுகிற தண்ணீரைவிடக் கண்மாயில் நிற்கிற தண்ணீரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். நான் புதுக்கோட்டையில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல், குடகில் ஒரு காப்பித் தோட்டத்துக்குக் கணக்கு எழுதப் போனேன். அங்கே என் பெயரே கணக்கு என்று ஆகிவிட்டது. பல வருடம் கழித்துத் தோட்டத்து முதலாளி குடும்பத்தார் ஆற்றில் படகு விட ஆரம்பித்தார்கள். மிதவைச் சட்டை, தலைக்கவசம், துடுப்பு எல்லாவற்றையும் எண்ணி வைக்க ஆள் வேண்டும் என்று என்னை அங்கே மாற்றினார்கள். பொருளை எண்ணுகிறவன் அதைப் போட்டுக்கொண்டு போகிற ஆளையும் எண்ணட்டும் என்று ஆயிற்று. பிறகு ஆற்றில் விழுந்தவர்களுக்குக் கயிறு வீசவும் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்றால், என்னையே பலமுறை ஆற்றில் தள்ளிக் கயிறு வீசிக் காட்டினார்கள். கடைசிவரை என் வேலை அதுதான்: புறப்படும் இடத்தில் எண்ணி அனுப்புவது, மோசமான இடத்தில் பாறைமேல் கயிற்றோடு நிற்பது, முடிகிற இடத்தில் எண்ணி வாங்குவது.

என்னை அதில் போட்டவர் அப்போது முகாமை நடத்திய தம்மய்யா சார். குடகுக்காரர். தோட்டத்து ஆட்களிடம் பழகிய தமிழ் பேசுவார். ஆற்றுச் சத்தத்தில் எல்லோரும் கத்திப் பேசுகிற இடத்தில் அவர் ஒருவர் மட்டும் மெதுவாகப் பேசுவார். காதில் விழவேண்டுமென்றால் பக்கத்தில் போகவேண்டும். பக்கத்தில் போனவர் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவார். இந்த ஒரு பழக்கத்தால் அவர் சொன்னது எதையும் யாரும் பாதியில் கேட்டுவிட்டுப் போனதில்லை.

அவர் முகாமுக்கு வந்ததும் முதலில் ஒரு குச்சியை எடுத்துத் தண்ணீரின் விளிம்பில் நடுவார். பிறகு எங்களோடு உட்கார்ந்து சர்க்கரை இல்லாத தேநீர் குடிப்பார். குடித்து முடித்ததும் போய்ப் பார்ப்பார். குச்சி கரையில் நின்றால் சரி. தண்ணீருக்குள் நின்றால் ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு ஏறியது என்பதற்குப் பாறையில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று கோடு போட்டிருந்தோம். ஏறுகிறதா இல்லையா என்பதைக் கோடு சொல்லாது, குச்சிதான் சொல்லும். அடுத்து மிதந்து வருகிற இலைகளைப் பார்ப்பார். காய்ந்த இலை வந்தால் கவலைப்படமாட்டார். பச்சை இலை, அதிலும் கிளையோடு வந்தால், மேலே எங்கோ மழை கரையை அறுத்துக்கொண்டிருக்கிறது, அந்தத் தண்ணீர் இன்னும் நம்மிடம் வந்து சேரவில்லை என்பார். நம் தலைக்குமேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இப்படி வரும். அதுதான் பயம்.

பயணத்தை ரத்து செய்கிறேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சமையல்காரரைப் பார்த்து, "எல்லாருக்கும் கடம்புட்டு வை" என்பார். கடம்புட்டு என்பது அந்த ஊரில் அரிசி நொய்யில் செய்கிற ஆவியில் வெந்த உருண்டை. ஆற்றில் இறங்குவதற்கு முன் யாரையும் வயிறு முட்டச் சாப்பிட விடமாட்டோம். ஆகவே தட்டில் உருண்டை வந்துவிட்டால் அன்று படகு இல்லை. தூரத்திலிருந்து வந்தவர்கள் எவ்வளவோ கத்தியிருக்கிறார்கள். அவர் இன்னொரு உருண்டை வைக்கச் சொல்லுவார்.

படகு உண்டு என்றால் அடுத்தது சட்டை. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, மிதவைச் சட்டையின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து ஆளையே தூக்குகிற மாதிரி மேலே இழுப்பார். சட்டை காதுவரை ஏறினால் வாரையெல்லாம் மறுபடி இறுக்கவேண்டும். ஒருமுறை தொப்பையும் மீசையுமாக வந்த பெரிய மனிதர் ஒருவர், "என்ன சார், சட்டையப் புடிக்கிறீங்க?" என்று கோபப்பட்டார்.

"ஆறு இவ்வளவு மரியாதையாப் புடிக்காதுங்க" என்றார் தம்மய்யா சார், அதே மெல்லிய குரலில். மீசைக்காரர் தானாகவே வாரை இறுக்கிக்கொண்டார்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். குச்சி கரையில் நின்றது. தண்ணீர் மஞ்சள் கோட்டுக்குக் கீழே. பச்சை இலை ஒன்றுகூட வரவில்லை. ஆற்றின்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை.

படகுக்குப் பக்கத்தில், "ஏப்பா, இங்கிட்டு உக்காரவா அங்கிட்டு உக்காரவா?" என்று ஒரு குரல் கேட்டது. அந்த மலையில் அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டேன். பொன்னமராவதிப் பக்கம் ஒரு கிராமம். ஆறு பேர். கேட்டவர் பெயர் ராசு. துபாயில் இருந்துவிட்டு வந்து வெள்ளாமை பார்க்கிறார், மஞ்சுவிரட்டுக் காளை வளர்க்கிறார். கூட வந்ததில் மணி என்பவர் அவருடைய மைத்துனர்.

"ஊர்க்காரரே இருக்காருடா, இனிமே நமக்கென்ன பயம்!" என்றார் ராசு. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. தெரியாதவர்களை எண்ணுவதைவிடத் தெரிந்தவர்களை எண்ணுவது கஷ்டம்.

படகைச் சுற்றி ஓரத்தில் ஒரு கயிறு ஓடும். அங்கங்கே வளையங்களில் கோத்திருப்பார்கள். படகோட்டி "பிடி" என்றதும் உள்பக்கத்துக் கையில் துடுப்பின் கைப்பிடியை விடாமல் வைத்துக்கொண்டு, வெளிப்பக்கத்துக் கையால் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளவேண்டும். அன்று பிஜுதான் படகோட்டி. கரையில் வைத்தே சொல்லிப் பழக்கினார். "பிடி" என்றதும் ஆறு பேரும் பிடித்தார்கள். ஐந்து பேர் விரலால் பிடித்தார்கள். ராசு கயிற்றுக்குள் கையை நுழைத்து மணிக்கட்டை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. காளையை வாடிவாசலுக்குக் கூட்டிப்போகிறவர்கள் பிடிகயிற்றை அப்படித்தான் கையில் சுற்றியிருப்பார்கள். திமிறினால் விரல் விட்டுவிடும், மணிக்கட்டு விடாது.

"சுத்தாதீங்க தம்பி. விரல்ல புடிச்சாப் போதும்."

"வெறும் விரல்னா நழுவிராதுங்களா?"

"நழுவத்தான் வேணும். படகு கவுந்தா கை தானா வந்துரணும்."

மணி சிரித்தார். "மச்சான், ஒங்க செவலைய இப்படி விரல்ல புடிச்சுப் பாருங்களேன். அடுத்த தாலுகாவுலதான் போய் நிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்மய்யா சார் வந்தார். ராசுவின் கையைப் பிடித்துச் சுற்றை அவிழ்த்தார். நான்கு விரலையும் கயிற்றின்மேல் வைத்து மூடினார். திறக்கச் சொன்னார். மூடச் சொன்னார். மறுபடி திறக்கச் சொன்னார். ராசு எல்லாம் சரியாகச் செய்தார். சட்டை இழுத்துப் பார்த்தாயிற்று. பிஜுவோடு சேர்த்து ஏழு பேர். எண்ணி அனுப்பிவிட்டு நான் ஜீப்பில் ஏறி அடுப்புக்குப் போனேன்.

அடுப்பு என்பது அந்த ஆற்றில் மூன்றாவது சரிவு. மூன்று பாறைகள் அடுப்புக்கல் மாதிரி நிற்கும், நடுவில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி புரளும். அதைத் தாண்டினால் கொஞ்ச தூரம் அமைதியான மடு. மடுவின் முடிவில் நான்காவது சரிவு தொடங்கிவிடும். அடுப்பில் கவிழ்ந்தவர்களை அந்த மடுவுக்குள்ளேயே எடுத்துவிடவேண்டும். நான் மடுவின் கரையில் ஒரு தட்டைப் பாறைமேல் நிற்பேன்.

படகு வந்தது. இடதுபக்கப் பாறையில் குறுக்காக மோதி, ஒரு பக்கம் செங்குத்தாக எழுந்து, அப்படியே கவிழ்ந்தது.

நான் தலைக்கவசங்களை எண்ணினேன். பிஜு கவிழ்ந்த படகின்மேல் ஏறிவிட்டார், ஒன்று. இரண்டு பேர் தாமாகவே என் பக்கம் வந்து பாறையைப் பிடித்தார்கள், மூன்று. இரண்டு பேருக்குக் கயிறு வீசி இழுத்தேன், ஐந்து. மணி படகின் அந்தப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார், ஆறு. ஆறுக்குமேல் போகவில்லை. மறுபடி எண்ணினேன். ஆறுதான்.

எல்லோரும் கீழே நான்காவது சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏழாவது ஆளைத் தண்ணீர் இழுத்துப் போய்விட்டது என்று. நானும் பார்த்தேன். மிதவைச் சட்டை போட்ட ஆள் அவ்வளவு சீக்கிரம் மறையமாட்டான் என்று தோன்றிப் படகைப் பார்த்தேன். என் பக்கத்து ஓரத்தில், தண்ணீர்மட்டத்தில், ஒரு கை தெரிந்தது. விரல்கள் ஐந்தும் விரிந்திருந்தன. எதையும் பிடிக்காத கை. ஆனால் படகோடு கூடவே போய்க்கொண்டிருந்தது.

பிடிக்காத கை ஏன் விலகாமல் போகிறது? கரையில் ராசு போட்ட சுற்று நினைவுக்கு வந்தது. விசில் ஊதினேன். கத்தினேன். ஆற்றுச் சத்தத்தில் பிஜுவுக்கு எதுவும் கேட்கவில்லை. படகு மடுவில் பாதியைத் தாண்டிவிட்டது. கயிற்றுப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன். ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். பிறகு வெட்டுகிற மாதிரி காட்டினேன்.

பிஜு விழித்தார். வயநாட்டுக்காரருக்கு அந்தச் சைகை எங்கே தெரியும்? மணிக்குத் தெரிந்தது. "மச்சான் கையச் சுத்திட்டாரு! கயித்த அறுங்க! அறுங்க!" என்று அவர் படகைத் தட்டிக்கொண்டு அலறியது எனக்கே கேட்டது.

பிஜு மிதவைச் சட்டையின் நெஞ்சில் செருகியிருந்த கத்தியை உருவினார். கையருகே வெட்டவில்லை. பக்கத்து வளையத்தில், கயிறு விறைப்பாக நிற்கிற இடத்தில் வெட்டினார். கயிறு தளர்ந்தது. கை தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்குப்பிறகு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எதையும் எண்ணாமல் நின்றது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். படகுக்குப் பின்னால் மிதவைச் சட்டை அவரை மேலே கொண்டுவந்தது. கயிறு வீசினேன். நெஞ்சின்மேல் விழுந்தது. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. இடது கை கயிற்றைத் தேடிப் பிடித்தது. பிடித்து, அதையும் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

கரைக்கு இழுத்துப் போட்டோம். பிஜுவும் மணியும் படகோடு கரை ஒதுங்கினார்கள். ஜீப் நின்ற பாதையிலிருந்து தம்மய்யா சார் ஓடிவந்தார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். ராசு இருமினார், வாந்தி எடுத்தார், கண்ணைத் திறந்தார். முதலில் சொன்ன வார்த்தை, "நான் சுத்தலண்ணே. சாமி சத்தியமாச் சுத்தல."

இடது மணிக்கட்டில் கயிறு இரண்டு சுற்று அப்படியே இருந்தது.

தம்மய்யா சார் அதைப் பார்த்தார். மெதுவாக அவிழ்த்தார். ராசுவின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "கணக்கு, எண்ணு" என்றார். ஏழு. "மறுபடி." ஏழு. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை.

ராசு பொய் சொல்லவில்லை. அவர் சொன்னதை அவர் நம்பினார். சுற்றியது அவர் கை. கரையில் சொல்லிக்கொடுத்ததைத் தலை கேட்டுக்கொண்டது, தண்ணீர் எழுந்து வந்தபோது கை தன் பழைய வேலையைச் செய்தது. மறுநாள் தம்மய்யா சார் படகைப் புல்வெளியில் போடச் சொன்னார். வந்தவர்களை அதில் உட்காரவைத்தார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல், எங்களில் நான்கு பேரை விட்டு ஒரு பக்கத்தைத் தூக்கிச் சாய்த்தார். விழுந்தவர்களை அவர் பார்க்கவில்லை. சுற்றி நடந்துகொண்டே கைகளை மட்டும் பார்த்தார்.

புல்வெளிப் பயிற்சி இதுதான். பார்க்கக் கூத்து மாதிரிதான் இருக்கும். மெத்தென்ற புல்லில் பெரியவர்கள் உருண்டு விழுவார்கள், மற்றவர்கள் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். ஆனால் அதில் நான் பார்த்த கைகள் எத்தனை விதம்! பஸ் கண்டக்டர் ஒருவர் முழங்கையைக் கயிற்றில் கொக்கி மாதிரி மாட்டினார். ஒரு தாய் கயிற்றை விட்டுவிட்டு மகளின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தார். ஒருவர் சட்டைப்பையிலிருந்த கண்ணாடியைப் பிடித்தார். கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள், அப்படிச் செய்யவே இல்லை என்று. கை மாட்டிக்கொள்கிறவர்களைப் பிஜு தனியாகக் கூப்பிட்டு, மறுபடி மறுபடி சாய்த்து, கை விடுகிறவரை பழக்குவார். விடாத கைக்கு அன்று படகு கிடையாது, கடம்புட்டுதான்.

இப்போது வாரில் டக்கென்று மாட்டுகிற கொக்கி வந்திருக்கிறது, மிதவைச் சட்டை முன்னைவிட நல்லது என்கிறார்கள். நல்லதுதான். ராசுவின் சட்டையும் நல்ல சட்டைதான், வாரும் சரியாகத்தான் இருந்தது. முதலாளியிடம் என் பெயரைச் சொல்லிக் கேளுங்கள் பிஜு: கூட்டம் இருக்கிற நாளில் கைகளும் அதிகம்தானே?

இதுவரை எழுதிவிட்டு விசாலத்திடம் போனைக் கேட்டேன். "அடிக்கல, அடிச்சாச் சொல்ல மாட்டேனா?" என்றாள். மறுநாளும் அப்படியே போயிற்று. செல்வத்தின் எண்ணைக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. அக்காள் இரண்டு தடவை வந்தாள். சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

இன்று காலையில் பால் வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தேன். அந்த வேன் திரும்பி வந்து நின்றது. வருவதாகச் சொன்ன நாளைக்கு முந்தின நாள். ஏன் முன்னாலேயே வருகிறார்கள்? பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். முதலில் செல்வம் இறங்கினான். முகம் உர்ரென்று இருந்தது.

"என்ன மாமா, போனப் போட்டு நிறுத்திப்புட்டீங்களா?"

"நானாடா?"

"வேற யாரு? ஒங்க மருமகன்னு சொன்னதும் அந்தப் பிஜு அண்ணன் ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. ஒரு குச்சிய நட்டாங்க. டீ குடுத்தாங்க. போயி அந்தக் குச்சியப் பாத்தாங்க. அப்பறம் ஆளுக்கு நாலு அரிசி உருண்டையக் குடுத்துத் தின்னுங்கன்னுட்டாங்க. வெயிலு சுள்ளுன்னு அடிக்குது மாமா, ஆத்துல எறக்க மாட்டேன்னுட்டாங்க! கோவத்துல போன அமத்திப் போட்டுட்டேன்."

"ஆத்துல எலை வந்துச்சா?"

"வந்துச்சு."

"காஞ்சதா, பச்சையா?"

அவன் யோசித்தான். "பச்சை. கொப்போட வந்துச்சு. அதுக்கென்ன இப்ப?"

வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன். "வேற ஒண்ணுமே பண்ணலையா?"

"தின்னு முடிச்சதும் சும்மாதானே இருக்கீங்கன்னு புல்லுல படகப் போட்டு உக்கார வச்சு, திடுதிப்புனு கவுத்து விட்டாங்க. எங்க ஏழு பேரை மட்டும் தனியாக் கூப்புட்டுக் கையக் கையப் பாத்தாங்க. நான் கயித்தச் சுத்துனேனாம். நான் சுத்தவே இல்ல மாமா. சத்தியமாச் சுத்தல."

நான் அவன் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். கயிறு அழுந்திய கோடு இரண்டு, இன்னும் லேசாகச் சிவந்து தெரிந்தன. அவனும் பார்த்தான். கையை வெடுக்கென்று இழுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இவ்வளவு தூரம் போய் உருண்டை தின்றுவிட்டு வந்தோம் என்றான் ஒருவன். இந்த ஆளாலதான் எல்லாம் என்றான் இன்னொருவன், என் காதில் விழட்டும் என்றே. நான் மறுக்கவில்லை. கதவோரம் நின்று, இறங்குகிற ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆள் இறங்கும்போது அவனும் என்னைத் திட்டிக்கொண்டேதான் இறங்கினான்.

பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு.